பூ விலை மாறும் வேகத்துக்கு டிகின்டர் தாங்குமா?

பைத்தான் என்ற புரோகிராம் மொழியில் விண்டோ, பட்டன், கட்டம் எல்லாம் செய்ய உதவும் கருவி டிகின்டர். அதைப் பாராட்டி யாரும் எழுதுவதில்லை. பைத்தான் படிக்கிற கல்லூரிப் பிள்ளைகளுக்கு அது ஒரு செமஸ்டர் பயிற்சி. ஒரு கால்குலேட்டர் செய்து காட்டி மதிப்பெண் வாங்கியதும் மறந்துவிடுவார்கள். பார்க்கப் பழசாக இருக்கிறது என்பதுதான் எல்லோரும் சொல்லும் குறை, அது உண்மையும்கூட. ஆனால் தோவாளை பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்கு நான் எழுதிக் கொடுத்த விலைத் திரை அதில்தான் ஓடுகிறது. அந்த அனுபவத்தை வைத்துத்தான் இந்த மதிப்பீடு. டிகின்டரால் ஆகக்கூடிய எல்லாவற்றையும் நான் பார்க்கப் போவதில்லை. ஒருவர் ஒரு கட்டத்தில் எழுதுகிறார், இன்னோர் இடத்தில் தெரியும் எழுத்து மாற வேண்டும். இந்த ஒரு வேலைக்கு அது எப்படி என்பதுதான் கேள்வி.

நாகர்கோவில் வடசேரியில் எனக்கு ஒரு டிடிபி கடை இருக்கிறது. கல்யாண அழைப்பிதழ், பிளெக்ஸ் டிசைன், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் உண்டு. அப்புறம் யாராவது கேட்டால் சின்னச் சின்ன புரோகிராமும் எழுதிக் கொடுப்பேன். அழைப்பிதழ் அடிக்க வந்த ஒரு பூக்கடை அண்ணாச்சி, என் மேசையில் இருந்த இரண்டாவது மானிட்டரைப் பார்த்துவிட்டு, "இதுல எழுதுனா அதுல தெரியுமா மக்ளே?" என்று கேட்டதில் வந்த வேலை இது.

தோவாளை சந்தையைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி போகும் சாலையில், ஆரல்வாய்மொழிக்கு முன்னால் வருகிற ஊர். விடியுமுன்னே வியாபாரம் சூடு பிடித்துவிடும். பிச்சி, மல்லிகை, அரளி எல்லாம் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து வரும். ரோஜாவும் செவ்வந்தியும் ஓசூர், பெங்களூரு பக்கமிருந்து வண்டியில் இறங்கும். கேரளத்து வியாபாரிகள் ஒரு பக்கம், மாலை கட்டுகிறவர்கள் ஒரு பக்கம், கோயிலுக்கும் கல்யாண வீட்டுக்கும் வாங்க வந்தவர்கள் ஒரு பக்கம். சரக்கு குறைந்தால் விலை ஏறும். ஒரு வண்டி கூடுதலாக வந்தால் அடுத்த கால் மணி நேரத்தில் இறங்கும். முகூர்த்த நாளில் பிச்சியின் விலையைக் காலையில் ஒருவரும் ஆறரை மணிக்கு இன்னொருவரும் சொன்னால் இரண்டும் உண்மையாக இருக்கும், இரண்டும் ஒன்றாக இருக்காது. அண்ணாச்சி கடையில் ஒரு வெள்ளைப் பலகை உண்டு. அதில் மார்க்கர் பேனாவால் எழுதி, துணியால் துடைத்து, திரும்ப எழுதுவார்கள். ஈரக்கையில் துடைத்தால் பாதி எழுத்து அப்படியே நிற்கும். அதற்குப் பதில் ஒரு டிவி மாட்டி, கல்லாவில் இருக்கிற பையன் தட்டினால் அதில் விலை மாற வேண்டும் என்பது அவருடைய ஆசை.

எல்இடி எழுத்துப் பலகை அவருக்குப் பிடிக்கவில்லை. எழுத்து ஓடிக்கொண்டே இருக்கிறது, தமிழில் போட்டால் புள்ளி எது சுழி எது என்று தெரியவில்லை. எக்செல்லைப் பெரிதாக்கி டிவியில் காட்டலாம்தான். ஆனால் மெனுவும் கோடும் கூடவே தெரியும், பையன் தவறான கட்டத்தில் எழுதியதும் தெரியும். விலை மாறினால் ஒரு நிமிடம் பளிச்சென்று நிறம் மாற வேண்டும், தெரியக்கூடாதது எதுவும் தெரியக்கூடாது என்று ஒருவர் கேட்டால் சொந்தமாக ஒரு விண்டோ எழுதுவதுதான் வழி. அப்படித்தான் டிகின்டருக்கு வந்தேன்.

இந்தக் கருவியின் வயது எனக்குப் பிடிக்கும். அடியில் இருப்பது டிகே என்ற நூலகம். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜான் ஆஸ்டர்ஹவுட் 1988 வாக்கில் டிக்கிள் மொழியை உருவாக்கினார், அதை வைத்து விண்டோ செய்வதற்காக டிகேயை எழுதினார். இந்த இரண்டுக்கும் சேர்த்து 1997-ஆம் ஆண்டின் ஏசிஎம் மென்பொருள் விருது அவருக்குக் கிடைத்தது. டிகின்டர் என்பது அந்த டிகேயைப் பைத்தானிலிருந்து கூப்பிடுவதற்கான ஒரு மெல்லிய உறை. பைத்தானோடு வரும் ஐடில் எடிட்டரே இதில் எழுதப்பட்டதுதான். ஆகவே அதைப் பார்த்திருந்தால் டிகின்டரின் முகத்தைப் பார்த்துவிட்டீர்கள்.

விண்டோஸில் பைத்தானை நிறுவினாலே இதுவும் கூட வந்துவிடும். இது சாதாரண விஷயமில்லை. பூக்கடையில் இருக்கிற கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் கிடையாது. பென் டிரைவில் பைத்தான் நிறுவியையும் என் ஒரே ஒரு கோப்பையும் கொண்டுபோய்ப் போட்டேன், ஓடியது. வேறு நூலகம் எதையும் இறக்கவில்லை. உபுண்டு போன்ற லினக்ஸில் மட்டும் டிகின்டர் தனிப் பொதியாக இருக்கும், கேட்டு நிறுவ வேண்டும். லினக்ஸில் அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

இனி அந்த ஒரு வேலை. திரையில் எழுத்தைக் காட்டுவது லேபிள். நாம் எழுதுகிற கட்டம் என்ட்ரி. என்ட்ரியில் எழுதியது லேபிளுக்குப் போக இரண்டு வழி உண்டு. முதல் வழியில் ஒரு பட்டனோ என்டர் விசையோ அழுத்தும்போது நாம் எழுதிய ஃபங்ஷன், அதாவது ஒரு சிறு கட்டளைத் தொகுப்பு, ஓடும். அது என்ட்ரியிடம் கெட் என்று கேட்டு எழுத்தை வாங்கி, லேபிளின் கான்ஃபிக்கில் டெக்ஸ்ட் இதுதான் என்று போடும். நாம் சொன்னால் லேபிள் மாறும், சொல்லாவிட்டால் பழையதையே காட்டிக்கொண்டு நிற்கும். இரண்டாவது வழி ஸ்ட்ரிங்வார். அதை ஒரு சின்னப் பாத்திரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ட்ரிக்கும் லேபிளுக்கும் டெக்ஸ்ட்வேரியபிள் என்ற இடத்தில் அதே பாத்திரத்தைக் கொடுத்துவிட்டால், அதில் இருப்பது மாறும்போதெல்லாம் லேபிள் தானாக மாறும். ஃபங்ஷன் வேண்டாம், பட்டன் வேண்டாம். ஒரு எழுத்துத் தட்டினால் ஒரு எழுத்து அங்கே தெரியும்.

பாடம் நடத்துகிறவர்கள் இரண்டாவதைக் காட்டித்தான் கைதட்டு வாங்குவார்கள். நான் அண்ணாச்சிக்கு வேண்டுமென்றே இரண்டையும் காட்டினேன். ஸ்ட்ரிங்வார் வைத்த மாதிரியில் பையன் பிச்சிக்கு 1200 என்று தட்டினான். டிவியில் முதலில் 1 வந்தது, அப்புறம் 12, அப்புறம் 120, கடைசியில் 1200. அண்ணாச்சி எழுந்துவிட்டார். "பிச்சி கிலோ பன்னெண்டு ரூவாயா? லே, அந்த நேரம் பாத்து ஒருத்தன் போட்டோ எடுத்துட்டான்னா சாக்கோட வந்து நிப்பானே!" அவர் சொன்னது விளையாட்டில்லை. அந்தச் சந்தையில் ஒரு விநாடி தெரிந்த விலையும் சொன்ன விலைதான்.

ஆக, எழுதும்போதே மாறுவது எல்லா இடத்துக்கும் நல்லதில்லை. பெயர்ப் பலகை அச்சடிக்கும் கடையில் வாடிக்கையாளர் தன் பெயர் எப்படி வரும் என்று பார்த்துக்கொண்டே திருத்துவதற்கு ஸ்ட்ரிங்வார் அருமையாக இருக்கும். நானே என் கடையில் அதற்கு வைத்திருக்கிறேன். அழைப்பிதழின் முதல் வரியை வாடிக்கையாளரே தட்டிப் பார்த்துச் சரி என்பார். விலைத் திரைக்கு அது கூடாது. எழுதி முடித்து, என்டர் அழுத்தி, சரியான எண்தானா என்று பார்த்த பிறகுதான் வெளியே தெரிய வேண்டும். அதற்கு டிகின்டரில் சுலபமான ஏற்பாடு இருக்கிறது. கல்லாப் பக்கத்து என்ட்ரிக்கு ஒரு ஸ்ட்ரிங்வார், டிவி பக்கத்து லேபிளுக்கு வேறொரு ஸ்ட்ரிங்வார். என்டர் அழுத்தும்போது முதல் பாத்திரத்தில் இருப்பதைச் சோதித்து இரண்டாவதில் ஊற்றுகிறோம். இந்த இடைவெளியை வைக்க எனக்குப் பத்து வரிகூட ஆகவில்லை. இதைத்தான் டிகின்டரின் பெரிய பலம் என்பேன். கருவி தன் விருப்பத்தை நம்மேல் திணிப்பதில்லை, உடனே மாற வேண்டுமா சொன்ன பிறகு மாற வேண்டுமா என்பதை நம்மிடம் விட்டுவிடுகிறது.

சோதனை எதற்கு என்று கேட்கலாம். என்ட்ரி தருவது எப்போதும் எழுத்துதான், எண் கிடையாது. 1200 என்று எழுதினாலும் அது நான்கு எழுத்து. எண்ணாக்கும்போது வெற்றுக் கட்டமோ '1200/-' என்பதோ வந்தால் பைத்தான் பிழை காட்டும். எண்ணுக்கென்றே இன்ட்வார் என்று ஒன்று இருக்கிறது, ஆனால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கட்டம் காலியாக இருக்கும்போது அதனிடம் கெட் கேட்டால் அதுவும் பிழைதான். பையன் பழைய விலையை அழித்துவிட்டுப் புதியதைத் தட்டுவதற்கு முன்னால் அந்தக் கட்டம் காலியாகத்தானே இருக்கும். ஸ்ட்ரிங்வாரில் வாங்கி, முன்பின் இடைவெளியை நீக்கி, முழுக்க இலக்கம்தானா என்று பார்த்து, அப்புறம் எண்ணாக்குவதுதான் நிம்மதி. நான் இன்னொரு தடையும் வைத்தேன். புதிய விலை பழையதைவிடப் பாதிக்குக் கீழே போனாலோ இரண்டு மடங்குக்கு மேலே போனாலோ, 'சரியா?' என்று ஒருமுறை கேட்கும். ஒரு சைபர் விட்டுப்போவதை அது பிடிக்கும்.

இந்த இடத்தில் டிகின்டரின் ஒரு கெட்ட குணத்தைச் சொல்லியாக வேண்டும். என்டர் அழுத்தியபோது ஓடுகிற ஃபங்ஷனுக்குள் பிழை வந்தால் விண்டோ மூடாது, எச்சரிக்கையும் வராது. பிழைச் செய்தி பின்னால் இருக்கும் கருப்புத் திரையில் போய் விழும். கடைக்குக் கொடுக்கும்போது அந்தக் கருப்புத் திரை தெரியக்கூடாதென்று நாம் அதை மறைத்திருப்போம். அப்போது பிழை எங்கேயும் தெரியாது. பையன் தட்டுவான், விலை மாறாது, "சிஸ்டம் போச்சு" என்று போன் வரும். இதற்கு மாற்று இருக்கிறது. ரூட் விண்டோவின், அதாவது முதல் விண்டோவின், ரிப்போர்ட்_கால்பேக்_எக்ஸெப்ஷன் என்பதற்கு நம்முடைய ஃபங்ஷனைக் கொடுத்தால், பிழையை ஒரு பெட்டியில் காட்டலாம் அல்லது கோப்பில் எழுதலாம். ஆனால் தொடக்கப் பாடங்களில் இது இருப்பதில்லை. தெரிந்தவர்கள் மட்டும் வைக்கிறார்கள்.

பாடங்கள் என்றதும் இன்னொன்று. என் கடைக்கு புராஜெக்ட் அச்சடிக்க வரும் பிள்ளைகள் லேபிள் மாறவில்லை என்று லேப்டாப்பைத் திறந்து காட்டினால், பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். லேபிளைச் செய்த வரியிலேயே கடைசியில், அதை விண்டோவில் அடுக்கும் பேக் என்ற கட்டளையையும் சேர்த்து எழுதி அதைப் பெயரில் பிடித்திருப்பார்கள். பேக் எதையும் திருப்பித் தராது, ஆகவே அந்தப் பெயரில் லேபிள் இல்லை, நன் (None) என்ற வெறுமைதான் இருக்கிறது. அப்புறம் அதனிடம் கான்ஃபிக் கேட்டால் எங்கே போகும்? செய்வதை ஒரு வரியிலும் அடுக்குவதை அடுத்த வரியிலும் எழுதினால் தீர்ந்தது. மற்றொன்று, பட்டனுக்கு கமாண்ட் கொடுக்கும்போது ஃபங்ஷன் பெயரோடு அடைப்புக்குறியும் போடுவது. அடைப்புக்குறி போட்டால் விண்டோ வருவதற்கு முன்பே ஃபங்ஷன் ஓடி முடிந்துவிடும், பட்டன் செத்துக் கிடக்கும். இரண்டுக்கும் டிகின்டரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் முதலாவதில் வரும் பிழைச் செய்தி புதியவருக்கு உதவுவதில்லை, இரண்டாவதில் செய்தியே கிடையாது.

ஆவணமும் அப்படித்தான். பைத்தானின் அதிகாரப்பூர்வப் பக்கத்தில் டிகின்டருக்குத் தொடக்கம் இருக்கிறது. ஆனால் ஒரு லேபிளுக்கு என்னென்ன அமைப்புகள் உண்டென்று முழுதாகத் தெரிய டிக்கிள் மொழியில் எழுதிய கையேட்டைத்தான் புரட்ட வேண்டும். டிகேடாக்ஸ் என்ற தளம் இருப்பதால் பிழைத்தோம். தேடினால் முதலில் கிடைப்பவற்றில் பாதி பைத்தான் 2 காலத்தவை. அவற்றில் டிகின்டரின் முதல் எழுத்து பெரிய எழுத்தாக இருக்கும், அதை அப்படியே எழுதினால் பைத்தான் 3 அந்தப் பெயரில் எதுவும் இல்லை என்று சொல்லிவிடும்.

டிவிக்கு இரண்டாவது விண்டோ வேண்டும். இதற்கு டாப்லெவல் என்று ஒன்று இருக்கிறது, அதைத்தான் பயன்படுத்த வேண்டும். முதல் விண்டோவைச் செய்யும் கட்டளையின் பெயரும் டிகேதான். விண்டோ என்றால் டிகே என்று பழகியவர்கள் இரண்டாவதாக இன்னொரு டிகே செய்வார்கள். அப்படிச் செய்தால் உள்ளே இரண்டு தனித்தனி டிக்கிள் இயந்திரம் ஓடும். முதலாவதில் இருக்கும் ஸ்ட்ரிங்வார் இரண்டாவதில் இருக்கும் லேபிளுக்குத் தெரியாது, லேபிள் வெறுமையாக நிற்கும். டாப்லெவலில் அந்தப் பிரச்சினை இல்லை. எச்டிஎம்ஐ கேபிள் போட்டு, விண்டோஸில் திரையை நீட்டி வைத்து, முதல் மானிட்டரின் அகலத்துக்கு அப்பால் அந்த விண்டோவை நிறுத்தி, தலைப்புப் பட்டையை எடுத்துவிட்டேன். டிவியில் கருப்புப் பின்னணியும் மஞ்சள் எழுத்தும் மட்டும்தான்.

விலை மாறியதும் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று கேட்டிருந்தாரே, அதை டிகின்டர் அழகாகச் செய்கிறது. லேபிளின் நிறத்தை மாற்றிவிட்டு, ஆஃப்டர் என்பதிடம் இத்தனை மில்லி விநாடி கழித்து இந்த ஃபங்ஷனை ஓட்டு என்று சொன்னால் போதும், நிறம் தானே திரும்பிவிடும். இதற்கு டைம்.ஸ்லீப் போட்டுக் காத்திருக்கச் சொல்லும் பாடங்களை நம்பாதீர்கள். டிகின்டர் எழுத்தை மாற்றியவுடன் வரைவதில்லை, கையிலிருக்கும் ஃபங்ஷன் முடிந்து, மெயின்லூப் என்ற அதன் காத்திருக்கும் சுற்றுக்குத் திரும்பிய பிறகுதான் வரையும். ஃபங்ஷனுக்குள்ளேயே தூங்கினால் விண்டோ முழுவதும் உறைந்துவிடும், மாறிய நிறமும் தெரியாது, அதற்குள் பையன் தட்டியதும் தெரியாது.

லேபிளின் அகலமும் ஒரு சின்னத் தொல்லை. 90 ரூபாய் 1,200 ஆகும்போது லேபிள் தன் எழுத்துக்கேற்ப விரியும், பக்கத்து வரிசைகள் தள்ளாடும். அகலத்தை முன்பே கட்டி வைக்கலாம். ஆனால் அந்த அகலத்தை டிகே அளப்பது அந்த எழுத்துருவின் சைபர் எவ்வளவு அகலமோ அதை வைத்து. தமிழ் எழுத்து அதைவிட அகலம். 'மரிக்கொழுந்து' என்பதற்கு எழுத்தை எண்ணி அகலம் கொடுத்தால் கடைசிப் பகுதி வெட்டுப்படும். தாராளமாகக் கொடுங்கள். விண்டோஸில் திரை அளவீட்டைக் கூட்டி வைத்திருந்தால் எழுத்து மங்கலாகவும் வரும். பைத்தானோடு வரும் சிடைப்ஸ் என்ற நூலகம் வழியாக விண்டோஸிடம் இந்த புரோகிராமுக்கு அளவீடு தெரியும் என்று ஒரு வரியில் சொன்னால் கூர்மையாகிவிடும். 2026-லும் அந்த வரியை நாமே எழுத வேண்டியிருப்பது எரிச்சல்தான்.

இப்போது லினக்ஸ். அண்ணாச்சியின் மருமகனிடம் உபுண்டு போட்ட பழைய லேப்டாப் ஒன்று சும்மா கிடந்தது. அதையே வைத்துக்கொள்ளலாமே என்றார்கள். என் புரோகிராமை அதில் போட்டுக் காட்டினேன். அரளி சரியாக வந்தது. சம்பங்கி, கனகாம்பரம் சரி. துளசியில் 'து' பிரிந்து, 'த' தனியாகவும் அதன் கொக்கி தனியாகவும் நின்றது. செவ்வந்தியில் கொம்பு சகரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது. மரிக்கொழுந்தையும் கோழிக்கொண்டையையும் படிக்கவே முடியவில்லை. ரோஜாவும் அப்படித்தான். காரணம் எழுத்துருவில் இல்லை. தமிழில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் சேமிக்கப்பட்டு முன்னால் காட்டப்படும். 'து' இரண்டு குறியீடு, ஆனால் ஒரே வடிவம். இதைச் சேர்த்து வரைவதற்கு ஒரு வேலை நடக்க வேண்டும். லினக்ஸில் டிகே எழுத்தை வரையும் முறையில் அந்த வேலை நடப்பதில்லை, குறியீட்டை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைத்துவிடுகிறது. விண்டோஸில் எழுத்தை வரைவதை விண்டோஸே பார்த்துக்கொள்வதால் அதே புரோகிராம், அதே பெயர்கள், ஒரு குறையும் இல்லாமல் வருகிறது.

இதற்காக லினக்ஸில் டிகின்டருக்கு நான் கொடுக்க நினைத்த மதிப்பில் பெரும்பகுதியைக் குறைக்கிறேன். முப்பது வருடத்துக்கு மேலாக இருக்கும் ஒரு கருவி, தமிழும் மலையாளமும் இந்தியும் லினக்ஸில் உடைந்து தெரிவதை இன்னும் சாதாரணமாக வைத்திருக்கிறது. சுற்றி வரும் வழி உண்டு. எழுத்தைச் சேர்த்து வரையும் ராக்ம் என்ற நூலகத்தோடு சேர்ந்த பில்லோ என்ற பட நூலகத்தைக் கொண்டு பூப் பெயரைப் படமாக வரைந்து, அந்தப் படத்தை லேபிளில் வைக்கலாம். அந்தப் படத்தை ஏதாவது ஒரு பெயரில் பிடித்து வைக்காவிட்டால் பைத்தான் குப்பையில் போட்டுவிடும், லேபிள் காலியாகும் என்பதும் நினைவிருக்க வேண்டும். மாறாத பெயர்களுக்கு இது சரி. பயனர் தட்டத் தட்ட மாற வேண்டிய தமிழ் எழுத்துக்கு இந்தச் சுற்று வழி தலைவலி. லினக்ஸில் தமிழ் காட்ட வேண்டும் என்றால் டிகின்டரை விட்டுவிட்டு, விண்டோ செய்யும் இன்னொரு கருவியான கியூட்டி பக்கம், அதைப் பைத்தானிலிருந்து கூப்பிடும் பைசைட் மாதிரி ஒன்றுக்குப் போங்கள். நிறுவும் கோப்பு பெரிசாக இருக்கும், கற்க இன்னும் கொஞ்சம் நேரம் ஆகும், தமிழ் மட்டும் ஒழுங்காக வரும். நாங்கள் அந்த லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பழைய விண்டோஸ் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினோம்.

லினக்ஸில் வேலை செய்யும் எண்ணம் இருப்பவர்களுக்கு இன்னொரு சேதி. விசைப்பலகையில் என்டர் இரண்டு இருக்கிறதே, எண்கள் பக்கம் இருக்கிற என்டருக்கு அங்கே வேறு பெயர். பெரிய என்டரை மட்டும் கட்டி வைத்தால் கல்லாவில் இருப்பவர் அழுத்தும் என்டர் வேலை செய்யாது. விலை தட்டுகிறவர் கை எப்போதும் எண்கள் பக்கம்தான் இருக்கும்.

பூப் பெயரைப் பையன் தட்ட வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்தேன். டிடிகேயின் காம்போபாக்ஸில், அதாவது விரியும் பட்டியலில், பெயர்கள் இருக்கும், தேர்ந்தெடுத்து விலையை மட்டும் தட்டுவான். இந்த டிடிகே டிகின்டருக்குள்ளேயே இருக்கும் புது உடை. விண்டோஸில் பட்டனும் கட்டமும் விண்டோஸ் சாயலில் வரும், பழசாக இருக்கிறது என்ற குறையில் பாதி போய்விடும். மீதிப் பாதி பற்றி அண்ணாச்சிக்குக் கவலையில்லை. வாங்க வருகிறவர்கள் பார்ப்பது டிவியில் இருக்கும் பெரிய எழுத்தைத்தான், பட்டனின் ஓரம் வட்டமா சதுரமா என்று யார் பார்க்கப் போகிறார்கள்.

மின்சாரம் போனால் என்ன ஆகும் என்பதை டிகின்டர் பார்த்துக்கொள்ளாது. ஸ்ட்ரிங்வாரில் இருப்பது புரோகிராம் மூடியதும் போய்விடும். முப்பந்தலில் காற்றாலை சுற்றுவது கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருந்தும் கரண்ட் போகத்தான் செய்கிறது. ஒவ்வொரு என்டருக்கும் எல்லா விலையையும் ஜேசன் என்ற வடிவத்தில் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் எழுதி, திறக்கும்போது அதிலிருந்து எடுத்துக்கொள்ளும்படி செய்தேன். அது பைத்தானின் வேலை, சுலபம்.

வேகத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இருபது சொச்சம் லேபிள், ஒன்றிரண்டு என்ட்ரி. என்டர் அழுத்தியதும் டிவியில் மாறிவிடும். பழைய கம்ப்யூட்டர் என்பதே தெரியவில்லை. பிரவுசரில் ஒரு பக்கமாக இதைச் செய்திருக்கலாம் என்று என் கடைக்கு வரும் ஒரு இன்ஜினியரிங் தம்பி சொன்னான். செய்திருக்கலாம்தான், தமிழும் எங்கும் ஒழுங்காக வந்திருக்கும். ஆனால் பிரவுசர் ஒருநாள் தன்னைப் புதுப்பித்துக்கொண்டு மேலே ஒரு பட்டையைக் காட்டும், மூடிய பக்கத்தைத் திறக்கவா என்று கேட்கும். அதையெல்லாம் நடுச்சந்தையில் டிவியில் காட்டிக்கொண்டு நிற்க முடியாது. ஒரு வேலைக்கு ஒரு விண்டோ, திறந்தால் திறந்ததுதான் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

மதிப்பெண் கேட்டால், விண்டோஸில், இன்டர்நெட் இல்லாத ஒரு கம்ப்யூட்டரில், தட்டியது திரையில் மாற வேண்டும் என்ற அளவில் ஐந்துக்கு நான்கு. பிழையை மறைக்கும் குணத்துக்காக அந்த ஒன்று போனது. லினக்ஸில் தமிழோடு என்றால் ஐந்துக்கு ஒன்றுதான், அதுவும் இலவசம் என்பதற்காக.

இப்போது அடுத்த வேலை வந்திருக்கிறது. ஓணத்துக்குக் கேரளத்து ஆட்கள் கூட்டமாக வருவார்கள், பெயரை மலையாளத்திலும் காட்ட முடியுமா என்று அண்ணாச்சி கேட்கிறார். விண்டோஸின் நிர்மலா எழுத்துருவில் மலையாளமும் இருக்கிறது, ஒவ்வொரு பூவுக்கும் இன்னொரு லேபிள் சேர்த்தால் முடிந்தது. மலையாளப் பெயர்களைப் பிழையில்லாமல் எழுதித் தர களியக்காவிளையில் இருக்கும் சித்தியிடம் பட்டியலைக் கொடுத்திருக்கிறேன்.